சீர்க்கோழிக்கு மூன்று வாரம்

மஞ்சூர்
1-3-2006

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மஞ்சூர் ஆறுக்குட்டி கும்பிட்டு எழுதறது. இங்கே நானும் ஊட்டுக்காரி சாந்தாமணியும் உங்க மருமகளாகப் போற வேலாமணியும் நல்லா இருக்கோம். பனி மட்டும் இன்னும் விடல்லை. அங்கே நீங்களும் மாப்பிள்ளை கந்தனும் சுகந்தானுங்களே? உங்க எஸ்டேட் ஆபீஸ் போனுக்கு ரெண்டு தடவை அடிச்சேன். எடுத்தவர் "என்ன விஷயம், எதுக்குக் கூப்பிடணும்"னு என்னையே விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். சம்பந்தி வீட்டுப் பேச்சு ஆபீசுக்கு எதுக்குன்னு வச்சுட்டேன். நமக்குக் கடுதாசிதான் ஆகும்.

நீங்க அனுப்பின சீர்க்கோழி திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்துது. கண்டக்டர் மோசஸ் கூடையை எஞ்சின் பக்கத்துல வச்சுக் கைப்புள்ளை மாதிரி கொண்டாந்தார். முட்டையில ஒண்ணுகூட விரிசல் இல்லை. புள்ளிக்கோழி, நல்ல கனம், கண்ணு துடியா இருக்கு. கோழியை வித்தே சோறு தின்னு வளர்ந்தவன் சொல்றேன், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. நிச்சயம் முடிஞ்சதும் பையன் வீட்டிலிருந்து அடைக்கோழியும் முட்டையும் வரணும், அது பொரிக்கற குஞ்சுகளோட பொண்ணு புகுந்த வீட்டுக்கு வரணும்ங்கற உங்க வகையறா வழக்கத்துக்கும் நான் எதிரி இல்லை.

ஆனா மறைக்காமச் சொல்லிடறேன். கோழியை ஊட்டுக்குள்ள சேர்க்கல்லை. ஊட்டுக்குப் பின்னாடி ஓடாத பழைய டெம்போ ஒண்ணு நிக்குது. அதுல வைக்கோல் போட்டு, வலை கட்டி, அங்கேதான் அடை வச்சிருக்கோம். மகாராஷ்டிரத்துல பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளை அழிச்சுட்டு இருக்காங்கன்னு டிவியில நீங்களும் பார்த்திருப்பீங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெஸிந்தா கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க: எந்த ஊர்க் கோழியானாலும், புதுசா வந்தா மூணு வாரம் தனியா இருக்கணும்னு.

இன்னொண்ணு. கோழிகளை நாலு இடத்துல பிரிச்சு விட்டுட்டேன், ஒரு இடத்துல செத்தாலும் இன்னொரு இடத்துல அந்த வித்து மிஞ்சும்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதும் டீயை வச்சுட்டு எழுத உட்கார்ந்தேன். மழைக்கும் கீரிக்கும் பயந்து பிரிக்கறது சரிதானுங்க. நானும் சரக்கை நாலு கடையில பிரிச்சு வைக்கிறவன்தான். ஆனா இந்தச் சீக்கு, கோழி போற வழியிலேயே போறது. ஒரு ஊட்டுல இருக்க வேண்டியதை நாலு ஊட்டுக்கு நாமளே கொண்டு போய்க் குடுத்த மாதிரி ஆயிடும். அதுக்காக இப்பத் திரும்பக் கூட்டிட்டு வந்துடாதீங்க. எது எங்கே இருக்கோ அங்கேயே இருக்கட்டும்.

கோவிச்சுக்க வேண்டாம். மனசுல பட்டதைச் சொல்றதுதான் என் பழக்கம்.

உங்கள்,
ஆறுக்குட்டி


கிளென்மார்கன்
8-3-2006

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

ஆயம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நலம் இல்லாதது என் கோழி ஒண்ணுதான் போலிருக்கு, அதுவும் உங்க கண்ணுக்கு.

உங்க கடுதாசி வர்றதுக்கு முந்தியே மோசஸ் மூலமா சேதி வந்துட்டுது. ஓட்டை வண்டிக்குள்ள என் கோழியை அடைச்சிருக்கீங்களாம். அதைத் தொட்டுட்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினீங்களாம். பஸ் முழுக்க அதைச் சொல்லிச் சிரிச்சிருக்கான். நான் என்ன தீட்டா அனுப்பினேன்?

அந்தக் கோழி எந்த வித்துன்னு உங்களுக்குத் தெரியாது. நான் கல்யாணம் ஆகி இந்த மலை ஏறினப்ப என் மடியில குஞ்சாக் கொண்டு வந்த வித்து. கந்தனோட அப்பா தவறிப்போன வருஷத்துல வீட்டுல அடுப்பெரிஞ்சது இந்த முட்டையாலதான். எங்க வகையறாவுல சீர்க்கோழியை வாசல்லயே நிறுத்தின வீடு இதுவரைக்கும் இல்லை. பொண்ணை வேண்டாம்னு சொல்றவங்கதான் கோழியைத் திருப்புவாங்க.

கோழிகளைப் பிரிச்சதுக்கு எனக்குப் புத்தி வேற சொல்றீங்க. அவலாஞ்சியில இருக்கிறது என் கூடப் பிறந்த தங்கச்சி வீடு. அங்கே விட்டா என் கோழிக்கு என்ன வந்துடும்?

நான் நீட்டிப் பேசல்லை. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கோழி உங்க வீட்டு வாசப்படி தாண்டணும். இல்லேன்னா கோழியையும் நிச்சயத் தட்டையும் ஒரே கூடையில வச்சு மோசஸ்கிட்டயே குடுத்து அனுப்புங்க. கந்தன் "அம்மா, அவசரப்படாதே"ங்கறான். இன்னும் கல்யாணமே ஆகல்லை, அதுக்குள்ள மாமனார் பக்கம் சாஞ்சுட்டான்.

இப்படிக்கு,
ஆயம்மாள்


மஞ்சூர்
12-3-2006

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

தட்டையும் அனுப்ப மாட்டேன், கோழியையும் அனுப்ப மாட்டேன். ரெண்டும் எனக்கு வேணும். யாவாரி கைக்கு வந்த நல்ல சரக்கைத் திருப்ப மாட்டான்.

நீங்க சூடா எழுதினதுல தப்பில்லை. நான்தான் பாதி விஷயத்தை மட்டும் எழுதிட்டேன். உங்க கோழியால என் கோழிக்கு ஏதாவது வரும்னு மட்டுமா தனியா வச்சேன்? என் கடைக்கு மலைக்குக் கீழே கீழ்நாட்டுல இருந்து லாரியில கோழி வருது. எத்தனை பண்ணை, எத்தனை கைன்னு எனக்கே தெரியாது. அந்தக் கோழியைத் தொட்ட கையோட, அந்தக் கழிச்சலை மிதிச்ச செருப்போட நான் ஊட்டுக்குள்ள வர்றேன். என் ஊட்டுலதானுங்க ஆபத்து அதிகம். உங்க வித்தை என்கிட்ட இருந்து காப்பாத்தத்தான் பாதி வேலை.

அதனால டெம்போ பக்கம் நான் போறதே இல்லை. வேலாமணி மட்டும்தான் போறா. அதுக்குன்னே ஒரு நீலச் செருப்பு டெம்போ பக்கத்துலயே கிடக்குது. அதைப் போட்டுக்கிட்டுப் போயி, அங்கேயே கழட்டிட்டு வர்றா. போகும்போதும் வரும்போதும் சோப்பு. காட்டுக் குருவி வந்து தண்ணி குடிக்காம இருக்க வலை. நேத்து நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். "அப்பா, அங்கேயே நில்லுங்க. கடையில இருந்துதானே வர்றீங்க?"ன்னு அதட்டறா. பெத்தவனைப் பார்த்து! சாந்தாமணிக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. உங்க கோழி வந்த நாள்லேர்ந்து எங்க ஊட்டுல மாமியார் அதிகாரம் ஆரம்பிச்சாச்சு.

இப்ப நீங்களே நியாயம் சொல்லுங்க. அடைக்கு உட்கார்ந்த கோழி மூணு வாரம் வேற எந்தக் கோழியோடயும் சேராது. யாரையும் கிட்ட விடாது, தீனிக்கு மட்டும் எறங்கி ஏறும். ஏன்னு நாம யாராவது கேட்கறோமா? டாக்டரம்மா சொல்றதும் அதே மூணு வாரந்தான். உங்க வகையறாவுல முட்டை மேல உட்காருற கோழியாப் பார்த்து அனுப்பணும்னு வச்சவங்க, வந்த உடனே அது பொண்ணு வீட்டுக் கோழியோட கலக்க வழியில்லாமத்தான் வச்சிருக்காங்க. நான் உங்க வழக்கத்தை மீறல்லை. அட்சரம் பிசகாம நடத்தறேன். வண்டி ஓட்டையா இருக்குன்னா அது வேற. அதுக்குப் பெயிண்ட் அடிச்சுடறேன்.

குஞ்சு பொரிச்சு, அதுவும் நல்லா இருந்தா, நானே தூக்கிட்டு வந்து வாசப்படி தாண்ட வைக்கிறேன். தேங்காய் உடைச்சு.

உங்கள்,
ஆறுக்குட்டி


கிளென்மார்கன்
20-3-2006

சம்பந்திக்கு,

உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன். அடைக்கோழி யாரோடயும் சேராதுங்கறது எனக்குத் தெரியாததா? தெரிஞ்சதையே நீங்க எனக்கு விக்கறீங்க. நல்ல யாவாரிதான். அதுக்குப் பதில் எழுதலாம்னு இருந்தப்ப வேற வேலை வந்துட்டுது.

அவலாஞ்சியில என் தங்கச்சி வீட்டுல கோழி சாகுது. முதல்ல நான் விட்ட சேவல். அப்புறம் அவளோடது, அப்புறம் அடுத்த வீட்டுது. தலை தொங்கிப் போயி, பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சு, பொழுது சாயறதுக்குள்ள விழுந்துடுது. தங்கச்சி என் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிட்டா: "அக்கா, உன் கோழிதான் கொண்டாந்துது."  உங்க முதல் கடுதாசிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுது. சரி, அதை விடுங்க.

இப்பத்தான் சங்கதி. நான் போய் இறங்கின அன்னிக்கு அந்த லைன் வீடுங்கள்ல இருக்கிற தோட்ட ஜனங்க எல்லாம், இருக்கிற கோழியைச் சாகறதுக்கு முந்தி வித்துடணும்னு கட்டி வச்சிருக்காங்க. ஒருத்தன் கூடையோட வந்து அரை விலைக்கு அள்ளிட்டு இருக்கான். "யாருப்பா நீ?"ன்னு கேட்டேன். "சுடலைங்க. மஞ்சூர் ஆறுக்குட்டி அண்ணாச்சி கடைக்கு எடுக்கறேன்"கறான்.

ஏனுங்க சம்பந்தி, என் ஒத்தைக் கோழி உங்க வாசப்படி தாண்டக் கூடாது. உங்க கூடை மட்டும் ஊர் ஊரா எல்லா வாசலையும் தாண்டலாமா?

அவனை விடல்லை. பிடிச்ச கோழியெல்லாம் அவங்கவங்க வீட்டுக் கூண்டுக்கே போக வச்சேன். கூடையைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். "அம்மா, பஸ் போயிடும்"னான். "நீ எங்கேயும் போகல்லை, உட்காரு"ன்னு டீ குடுத்து உட்கார வச்சு, தங்கச்சி வீட்டுக்காரரை அனுப்பி டாக்டர் ஜெஸிந்தாவைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். கோழியை அழிச்சுடுவாங்க, டாக்டரைக் கூப்பிடாதேன்னு லைன்ல பாதிப் பேர் என்கிட்டச் சண்டை. மறைச்சு வச்சா நம்ம புள்ளைங்களுக்கே வரலாம், அப்ப யாரைக் கூப்பிடுவீங்கன்னு நானும் கத்தினேன்.

டாக்டரம்மா கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கிட்டு வந்து, செத்த கோழியை ஐஸ் பெட்டியில வச்சு வடக்கே பெரிய லேபுக்கு அனுப்பியிருக்காங்க. மிச்சத்தைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சாச்சு. பதில் வர்ற வரைக்கும் அந்த லைன்ல இருந்து ஒரு இறகுகூட வெளிய போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அந்தக் காய்ச்சல்தான்னு வந்தா சுத்துவட்டத்துல ஒரு கோழியும் மிஞ்சாது. அந்தச் சேவல் இருந்த கூண்டுல இருந்து வந்ததுதான் உங்ககிட்ட இருக்கிற புள்ளிக்கோழியும். அதையும் டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன். மறைக்க மனசு வரல்லை. அதையும் எடுத்துடுவாங்கன்னா, என் வித்து அத்தோட முடிஞ்சுது.

கூடைக்கு நீங்க பதில் சொல்லணும்.

ஆயம்மாள்


மஞ்சூர்
24-3-2006

அன்புள்ள தங்கச்சிக்கு,

இனி உங்களைச் சம்பந்தியம்மான்னு எழுத எனக்குக் கை வரல்லை. கூடப் பிறந்தவதான் அண்ணனை இப்படி நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்பா.

சுடலையை வாங்கப் போகாதேன்னு சொல்லித்தான் வச்சிருந்தேன். அவனா போனான். ஆனா அதைச் சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். அரை விலைக்குக் கோழி வந்தா கடையில யாரும் எங்கே இருந்துன்னு கேட்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் என் கடையில கத்துக்கிட்டதுதான். ஊட்டுக்குப் பின்னாடி டெம்போவுக்கு வலை கட்டின நான், கடைக்கு முன்னாடி போற கூடையைக் கட்டல்லை.

இப்பக் கட்டியாச்சு. நாட்டுக்கோழி வாங்கறதை நிறுத்திட்டேன். இருக்கிற கூடை எல்லாம் மூங்கில், எத்தனை கழுவினாலும் இண்டு இடுக்குல நிக்கும்னு டாக்டரம்மா சொன்னதால எரிச்சுட்டேன். இனி பிளாஸ்டிக் கிரேட்டுதான்; ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயணும். கழுவறது யாருங்கறீங்க? சுடலை. மழைக்காலத்துத் தவளை மாதிரி நாள் முழுக்கத் தண்ணியில நிக்கறான். "அண்ணாச்சி, அந்த அம்மா உங்க வீட்டுச் சம்பந்தின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்தப் பஸ்சே ஏறியிருக்க மாட்டேன்"கறான்.

சந்தையில விக்காத கோழியைத் திரும்பக் கூண்டுக்குக் கொண்டு போறதையும் விடச் சொல்லி, மத்த யாவாரிங்க கிட்டயும் பேசினேன். "ஆறுக்குட்டிக்கு வயசாயிடுச்சு"ன்னு சிரிச்சாங்க. அவலாஞ்சிக் கதையைச் சொன்னேன். உங்க பேரையும் சொன்னேன். அப்புறம் சிரிப்பு நின்னுது.

இன்னொரு சேதியை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். முந்தாநாள் காலையில முட்டை பொரிஞ்சுது. ஒண்ணுதான் கூமுட்டை. மத்ததெல்லாம் வெளிய வந்து கத்துதுங்க. வேலாமணி டெம்போ வாசல்லயே உட்கார்ந்திருந்தா, நீலச் செருப்போட. டாக்டரம்மா வந்து தாய்க்கோழியைப் பார்த்தாங்க. சீக்கு எதுவும் தெரியல்லை, ஆனா லேப் பதில் வர்ற வரைக்கும் அசைக்காதீங்கன்னாங்க. எடுக்கணும்னு வந்தா நான் தடுக்க மாட்டேன். உங்க மருமகள் தடுப்பாளோ என்னமோ. ரெண்டு நாளா வேற பேச்சே இல்லாம, "மோசஸ் வந்தாரா, கடுதாசி வந்துதா"ன்னே கேட்டுக்கிட்டு இருக்கா.

அண்ணன்,
ஆறுக்குட்டி


கிளென்மார்கன்
4-4-2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லையாம்! அந்தக் காய்ச்சல் இல்லையாம்!

டாக்டரம்மா ஜீப்பை நிறுத்தாமலே கத்திச் சொன்னாங்க. வெள்ளைக் கழிச்சலாம். அதுவும் கோழியைக் கொத்துக் கொத்தாக் கொல்ற சீக்குதான், ஆனா மனுசனுக்குப் பயமில்லை, தடுப்பு மருந்து போட்டா முன்கூட்டியே தடுத்துடலாம்னாங்க. லைன்ல எல்லாரும் கோழியைத் தூக்கிக்கிட்டு வந்து வரிசை கட்டி நின்னோம்னு நினைக்காதீங்க. "யாரும் தூக்கிட்டு வராதீங்க, நான் வீடு வீடா வர்றேன்"ன்னு சொல்லிட்டாங்க. நான்தான் முன்னால போயி, ஒவ்வொரு வாசல்லயும் அவங்க பூட்சுக்குப் பிளீச்சிங் தண்ணி ஊத்தினேன். கையில வாளியோட என்னைப் பார்த்துட்டு கந்தன், "அம்மா, உனக்குக் கவர்மெண்டு வேலை கிடைச்சுடுச்சு"ங்கறான்.

அண்ணா, உண்மையைச் சொல்றேன். அந்தப் பதினஞ்சு நாளும் நான் கோழிக்காக மட்டும் அழல்லை. என் வீம்பால என் தங்கச்சி வீட்டுக்குச் சீக்கு போச்சு. அதே வீம்பால நல்ல பொண்ணு ஒருத்தியையும் இழந்திருப்பேன். வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு எழுதினேனே, அந்த வெள்ளிக்கிழமை பூரா, மோசஸ் பஸ்சுல கூடை வந்துடுமோன்னு கேட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். வெறுங்கையோட வந்தான். அன்னிக்குத்தான் சோறு தின்னேன்.

இப்பக் கல்யாண வேலை. எங்க சொந்தக்காரங்க சும்மா வர மாட்டாங்க. காலைக் கட்டின கோழியை ஆளுக்கொண்ணு தூக்கிட்டு வந்து பந்தக்கால்ல கட்டுவாங்க. போகும்போது அதுலயே மாத்தி மாத்தி ஒண்ணு எடுத்துட்டுப் போவாங்க. நாலு மலைக் கோழியும் ஒரு பந்தக்கால்ல சேர்ந்து திரும்ப நாலு மலைக்கும் போகும்.  அதனால பத்திரிகையிலயே ஒரு வரி போடச் சொல்லிட்டேன்: "அன்பர்கள் கோழி கொண்டு வராமல் குடும்பத்தோடு வந்து ஆசீர்வதிக்க வேண்டுகிறோம்." அச்சாபீஸ்காரர், "கோழிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துலயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

பிரியாணி உண்டுதானே?

தங்கை,
ஆயம்மாள்


மஞ்சூர்
9-4-2006

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிரியாணி இல்லாம ஆறுக்குட்டி வீட்டுக் கல்யாணமா? நல்லா வெந்த கறியில ஒரு பயமும் இல்லைன்னு டாக்டரம்மாவே முன்வரிசையில உட்கார்ந்து சாப்பிடறேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க. உசிரோட ஒரு கோழியும் மண்டபத்துக்கு வராது. கடையிலயே அறுத்துச் சுத்தம் பண்ணி ஐஸ் பெட்டியில வரும்.

நேத்து நல்ல நாள். தேங்காய் உடைச்சுப் புள்ளிக்கோழியைக் குஞ்சுகளோட வாசப்படி தாண்ட வச்சோம். அது நேரா நடுவீட்டுக்குப் போயி, சாந்தாமணி கழுவித் துடைச்ச தரையில கழிஞ்சு வச்சுட்டுத் திரும்பி என்னைப் பார்த்துது. ஒரு மாசத்துக்கு மேல வெளிய நிறுத்தினதுக்குக் கணக்குத் தீர்த்துட்டுது. அப்புறம் அதுக்குன்னு கட்டின புதுக் கூண்டுக்குப் போயிட்டுது. சீர் நிறைஞ்சுதுங்களா?

அண்ணன்,
ஆறுக்குட்டி


கிளென்மார்கன்
30-5-2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்யாணக் களைப்பு தீர்ந்திருக்கும். வேலாமணி நல்லா இருக்கா. வந்த மறுநாளே கோழிக்கொட்டகை வாசல்ல செருப்பு வரிசை எப்படி வைக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தா. ஒரு பேச்சு மறுத்துப் பேசினேன், "அத்தை, கடுதாசி எல்லாம் நானும் படிச்சேன்"னா. அத்தோட அடங்கிட்டேன்.

ஒரு விஷயம் உங்ககிட்டச் சொல்லிடணும். மருமகளை ஆரத்தி எடுத்து அன்னிக்கே உள்ளே கூட்டிக்கிட்டேன். அவ கொண்டு வந்த குஞ்சுகளைக் கூட்டல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தனிக்கூண்டு, மூணு வாரம். சீரை வாசல்ல நிறுத்திட்டாள்னு நீங்களும் வெள்ளிக்கிழமை கெடு வைக்காதீங்க.

மறுவீடு வந்தப்ப உங்களைக் கேட்டுக்கு வெளியிலயே நிக்க வச்சு, செருப்பைக் கழட்டச் சொன்னதுக்குக் கோபம் இல்லையே? கடையில இருந்து நேரா வந்தேன்னு நீங்களே வாய் விட்டுட்டீங்க. நான் என்ன பண்ணட்டும்? கிளம்பும்போது உங்க செருப்பு நனைஞ்சு கிடந்ததால கந்தன் மின்வாரிய வேலைக்குப் போடற ரப்பர் பூட்சை மாட்டிக்கிட்டுப் போனீங்க. பட்டுக்கரை வேட்டியும் முழங்கால் பூட்சுமா ஊட்டி பஸ் ஸ்டாண்டுல நீங்க நடந்ததை மோசஸ் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

உங்க செருப்பைக் கழுவிக் காய வச்சிருக்கேன். அவன்கிட்டக் குடுத்து அனுப்பட்டுமா?

தங்கை,
ஆயம்மாள்


மஞ்சூர்
4-6-2006

அன்புள்ள தங்கச்சிக்கு,

குஞ்சுகளை வெளிய வச்சதைப் படிச்சு சாந்தாமணிகிட்டச் சத்தமா ரெண்டாந்தரம் வாசிச்சுக் காட்டினேன். எனக்கு அதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?

மாப்பிள்ளை பூட்சைக் கழுவி மோசஸ்கிட்டக் குடுத்திருக்கேன்.

என் செருப்பை அனுப்ப வேண்டாம். உங்க கேட்டுக்கு உள்பக்கம், அந்த வரிசையிலயே கிடக்கட்டும். நான் வரும்போதெல்லாம் என் கடைச் செருப்பை வெளிய விட்டுட்டு அதைப் போட்டுக்கிட்டு உள்ளே வர்றேன்.

அண்ணன்,
ஆறுக்குட்டி